சக்கரம் நிற்கும் நேரத்துக்கு யார் சம்பளம் தருவது?

"என் தம்பி ஆறு வருடமாகக் கனரக லாரி ஓட்டுகிறான். வீட்டுக்கு வந்தால் முதலாளியைத் திட்டாத நாள் கிடையாது. அவனோடு ஓட்டுகிறவர்களும் அதே பாட்டுதான் பாடுகிறார்கள். உண்மையிலேயே அநியாயம் நடக்கிறதா, இல்லை எந்த வேலையிலும் இருக்கிற சலிப்புதானா? நியாயம் கேட்டால் வேலை போய்விடும் என்கிறான். அதுவும் நிஜமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு கேள்வி மாதிரித் தெரிந்தாலும் இதில் மூன்று முடிச்சு இருக்கிறது. தொழிலோடு கூடப் பிறந்த கஷ்டம் எது, முதலாளி செய்கிற அநியாயம் எது என்று பிரிப்பது முதலாவது. அநியாயம் என்றால் அது எங்கே, எப்படி நடக்கிறது என்பது இரண்டாவது. கேட்டால் என்ன ஆகும் என்பது மூன்றாவது. உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது இந்தக் கடைசி விஷயம்தான் என்று தோன்றுகிறது. ஆனால் முதல் இரண்டும் தெளியாமல் அதற்குப் பதில் சொன்னால் தம்பிக்கு வீண் வம்புதான் மிஞ்சும்.

நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 14 வருடம் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் வண்டி அனுப்பும் மேஜையில் உட்கார்ந்திருந்தேன். எந்த வண்டிக்கு எந்த லோடு, எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று நாள் முழுக்கப் போனில் கத்துகிற வேலை. அப்புறம் 9 வருடமாக டிரைவர்களுக்குச் சம்பள பாக்கி மனு எழுதிக் கொடுக்கிறேன், கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன். வக்கீல் இல்லை. ஆபீஸ் டிரைவரிடம் சொல்லும் பொய்யும் எனக்குத் தெரியும், டிரைவர் ஆபீஸிடம் சொல்லும் பொய்யும் தெரியும். முதல் வகையில் சிலவற்றை நானே சொல்லியிருக்கிறேன்.

ராத்திரி ஓட்டம், வீட்டை விட்டு நாள்கணக்கில் இருப்பது, முதுகுவலி, மழையில் தார்ப்பாய் கட்டுவது, சாலையில் எவனோ குறுக்கே வந்து விழுவது, இதெல்லாம் தொழிலின் பாரம். நல்ல முதலாளியிடமும் இது இருக்கும். இதற்காக அவரைத் திட்டிப் பயனில்லை. லாரி முதலாளிகளில் பலர் நீங்கள் நினைக்கிற மாதிரிப் பெரிய பணக்காரர்களும் இல்லை. சரக்கு அனுப்பிய கம்பெனி வாடகையை மாதம் கழித்து, சில சமயம் மூன்று மாதம் கழித்துத்தான் கொடுக்கும். வண்டிக்கடன் தவணையும் டீசல் செலவும் அதுவரை காத்திருக்காது. அந்த இறுக்கத்தில் அவர் கண்ணுக்கு முதலில் படுகிற ஆள் டிரைவர்தான், ஏனென்றால் அந்த வரிசையில் கடைசியாக நிற்பவன் அவன். முதலாளிக்கு நெருக்கடி இருப்பது உண்மை. ஆனால் டிரைவர் சம்பளத்தில் கை வைக்க அது உரிமை தருவதில்லை.

இனி அநியாயத்துக்கு வருகிறேன். என்னிடம் வந்த மனுக்களில் பெரும்பாலானவற்றின் வேர் ஒன்றுதான்: சம்பளம் ஓடுகிற தூரத்துக்கு அல்லது நடைக்குக் கணக்கிடப்படுகிறது, வேலையோ நேரத்தில் நடக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 600 கிலோமீட்டர் நடை, அதற்குக் கூலி 1,200 என்று வைத்துக்கொள்வோம், எந்த நாட்டுக் காசானாலும் சரி. ஓட்ட 12 மணி நேரம். அப்படியானால் மணிக்கு 100, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லோடு ஏற்றும் இடத்தில் 5 மணி நேரம் காத்திருந்தான். இறக்கும் இடத்தில் 9 மணி நேரம். கயிறு, தார்ப்பாய், டயர் பார்ப்பது, கேட்டில் பேப்பர் காட்டுவது என்று இன்னொரு 2 மணி நேரம். மொத்தம் 28 மணி நேரம். இப்போது மணிக்கு 43கூட வரவில்லை. வேலைக்கு எடுக்கும்போது 1,200 என்று சொன்னதில் பொய் இல்லை. 28 மணி நேரம் ஆகும் என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

ஒரு இரவை மறக்க முடியவில்லை. என் மேஜையிலிருந்து அனுப்பிய வண்டி ஒன்று மதியம் 2 மணிக்கு ஒரு கிடங்கின் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கள் கணினியில் "சேர்ந்தது" என்று பச்சை விழுந்துவிட்டது. அதோடு என் வேலை முடிந்தது. உள்ளே இடமில்லை என்று அவரை வெளியே நிறுத்திவிட்டார்கள். எந்த நிமிடமும் கூப்பிடலாம் என்பதால் தூங்கவும் முடியாது. வரிசை நகரும்போதெல்லாம் வண்டியைப் பத்தடி, இருபதடி முன்னால் நகர்த்த வேண்டும். விடியற்காலை 4 மணிக்கு லோடு இறங்கியது. 4.20-க்கு நான் போன் செய்து, அடுத்த லோடு 190 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, 8 மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்றேன். அவர் சத்தம் போடவில்லை. "சார், நான் நேற்றிலிருந்து முழிச்சிட்டிருக்கேன், உங்க கம்ப்யூட்டர்ல அது தெரியுதா?" என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை. கணினியில் அவர் 14 மணி நேரம் "நின்றிருக்கிறார்", அதாவது ஓய்வெடுத்திருக்கிறார். அந்த 14 மணி நேரத்துக்கு அவருக்கு ஒரு காசும் வரவில்லை. வண்டியைக் காக்க வைத்ததற்கான ஹால்டிங் கட்டணத்தைக் கிடங்குக்காரரிடம் எங்கள் நிறுவனம் வாங்கியது என்பதையும், அது டிரைவருக்குப் போகவில்லை என்பதையும் நான் தெரிந்துகொள்ள இன்னும் இரண்டு வருடம் ஆனது. கணக்குப் பிரிவில் ஒருவர் விடுப்பில் போனபோது அந்த வேலை என்னிடம் வந்தது. அப்போதுதான் கண்ணில் பட்டது.

இது என் ஒருவனின் அனுபவம் இல்லை. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018-ல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. ஏற்றி இறக்கும் இடங்களில் மாட்டிக்கொண்டு நிற்பதால் அங்கே வாடகை லாரி ஓட்டுபவர்கள் வருடத்துக்கு 110 கோடியிலிருந்து 130 கோடி டாலர்வரை சம்பாத்தியத்தை இழக்கிறார்கள் என்று அது மதிப்பிட்டது. சராசரியாக நிற்கும் நேரம் 15 நிமிடம் கூடினால் விபத்து விகிதம் 6.2 சதவீதம் கூடும் என்றும் சொன்னது. நிற்பதற்கும் மோதுவதற்கும் என்ன சம்பந்தம் என்று யோசிக்கலாம். காத்திருந்து இழந்ததை ஓட்டித்தான் மீட்க வேண்டும். வேறு வழி அவனுக்கு இல்லை.

உலக அளவில் சட்டம் இந்த இடத்தில் வழுக்குகிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 153-ஆவது உடன்படிக்கை 1979-ல் வந்தது. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, வாரத்தில் 48-க்கு மேல் கூடாது, தொடர்ந்து 4 மணி நேரம் ஓட்டினால் இடைவேளை, 24 மணி நேரத்துக்குள் தொடர்ச்சியாக 10 மணி நேர ஓய்வு என்று நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் சும்மா காத்திருக்கும் நேரத்தை வேலை நேரமாக எவ்வளவு எடுத்துக்கொள்வது என்பதை மட்டும் அந்தந்த நாட்டிடம் விட்டுவிட்டார்கள். பிரச்சினையே அந்த ஓட்டையில்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்த உடன்படிக்கையையும் மிகச் சில நாடுகளே ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002-ஆம் வருட விதி இதில் ஒரு நல்ல கோடு போட்டது. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரியாவிட்டால், அந்தக் காத்திருப்பு வேலை நேரம். முன்பே தெரிந்திருந்தால் அது வேறு கணக்கு. கேட்க நுணுக்கமாக இருந்தாலும் நியாயமான பிரிவுதான். ஆறு மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிட்டால் ஒருவன் தூங்கலாம். "இதோ கூப்பிடுகிறோம்" என்று ஆறு மணி நேரம் சொல்லிக்கொண்டே இருந்தால் தூங்க முடியாது. அதே ஒன்றியத்தின் 561/2006 விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. தூரத்தையோ சரக்கின் அளவையோ வைத்துக் கொடுக்கும் கூலியோ போனஸோ சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும், விதிமீறலைத் தூண்டும் என்றால் அப்படிக் கொடுக்கவே கூடாது என்கிறது. அமலாக்குவது சுலபமில்லை, எந்தக் கூலி தூண்டியது என்று யார் நிரூபிப்பது? ஆனாலும் சம்பளம் கணக்கிடும் முறையே ஆபத்தாகலாம் என்று ஒரு சட்டம் எழுத்தில் ஒப்புக்கொண்டது சாதாரண விஷயம் இல்லை.

அமெரிக்காவில் இதற்கு எதிர்த்திசையில் ஒரு பழைய கதை உண்டு. டிரைவர்களின் பணி நேரத்தை 1935-ன் மோட்டார் போக்குவரத்துச் சட்டப்படி வேறு ஒரு அமைப்பு கவனித்துக்கொள்கிறது என்ற காரணத்தால், 1938-ல் வந்த தொழிலாளர் சட்டம் அவர்களை ஓவர்டைம் கூலியிலிருந்து விலக்கி வைத்தது. மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு ஏற்றிச் செல்லும் டிரைவர்கள் பலருக்கு அந்த விலக்கு இன்றும் நீடிக்கிறது. 40 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலை ஆளுக்கு ஒன்றரை மடங்கு கூலி, 60 மணி நேரம் வேலை செய்யும் டிரைவருக்கு அது கட்டாயமில்லை.

சம்பளத்துக்கு அடுத்த குறை, விதியை மீறச் சொல்வது. இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: ஆபீஸ் ஒருபோதும் "விதியை மீறு" என்று சொல்லாது. நான் சொன்னதில்லை. "எப்படியாவது பார்த்துக்கோங்க அண்ணே" என்பேன். அந்த "எப்படியாவது" என்பதற்குள் எல்லாம் அடக்கம். தூங்காதே, வேகமாகப் போ, பதிவில் மாற்றி எழுது. பழைய காலத்தில், ஓட்டிய நேரத்தை எழுதும் லாக் புத்தகம் இரண்டு வைத்திருப்பார்கள். ஐரோப்பாவில், வண்டி ஓடும் நேரத்தையும் நிற்கும் நேரத்தையும் தானாகப் பதியும் டேகோகிராஃப் கருவி வந்தபோது, கியர்பெட்டியில் இருக்கும் சென்சாரில் காந்தம் வைத்தால் வண்டி ஓடும்போதும் ஓய்வு என்று பதிவாகும் என்பதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். பிடிபட்டால் காந்தம் டிரைவர் கையில்தான் இருக்கும், ஆபீஸ் மேஜையில் இருக்காது. அமெரிக்காவில் 2017 டிசம்பரிலிருந்து மின்னணுப் பதிவுக் கருவி கட்டாயம் ஆனது. அது பொய்ப் பதிவைக் குறைத்தது, நெருக்கடியைக் குறைக்கவில்லை. 11 மணி நேரம் ஓட்டலாம், வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் அதை முடிக்க வேண்டும் என்பது அங்கே விதி. கிடங்கு வாசலில் 6 மணி நேரம் போனால் அந்த 14-லிருந்துதான் பெரும்பாலும் போகும். மிச்ச நேரத்தில் அடித்துப் பிடித்து ஓட்ட வேண்டும்.

இந்த "எப்படியாவது"வுக்கு எதிராகச் சட்டம் இருக்கிறது என்பது பல டிரைவர்களுக்குத் தெரியாது. அமெரிக்காவிலேயே 2016-லிருந்து ஒரு விதி அமலில் உள்ளது. விதியை மீறினால்தான் முடியும் என்று டிரைவர் சொன்ன பிறகும், போகாவிட்டால் வேலை இல்லை, அடுத்த லோடு இல்லை என்று மிரட்டினால் அது வற்புறுத்தல் என்ற குற்றம். சரக்கு அனுப்புபவர், வாங்குபவர், இடைத்தரகர் மேல்கூட நடவடிக்கை எடுக்கலாம். அதைவிடப் பழையது 1982-ன் சட்டம். பாதுகாப்பில்லாத வண்டியை ஓட்ட மறுத்ததற்காகவோ புகார் கொடுத்ததற்காகவோ வேலையை விட்டு அனுப்பினால், 180 நாட்களுக்குள் புகார் தர வேண்டும். அந்த 180 நாளைத் தவறவிட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது. இப்படிப்பட்ட கெடு ஏறக்குறைய எல்லா நாட்டுச் சட்டத்திலும் ஏதாவது ஒரு வடிவில் இருக்கும். "கோபம் ஆறட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று இருந்தவர்கள் தோற்றதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, பிடித்தம். சரக்கு குறைந்தது, பெட்டி நசுங்கியது, டீசல் கணக்கு இடிக்கிறது, டயர் வெடித்தது, அபராதம் வந்தது என்று எல்லாம் டிரைவர் தலையில். இதில் நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்று: சேதம் ஆனது என்பதற்காக மட்டும் பணம் பிடிப்பது பல நாடுகளின் சட்டத்தில் செல்லாது. இந்தியாவின் 1936-ஆம் வருட ஊதியச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலாளியின் அலட்சியத்தால் நேரடியாக வந்த நஷ்டமாக இருக்க வேண்டும், பிடிப்பதற்கு முன் அவன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று அதில் இருந்தது. 2019-ன் ஊதியத் தொகுப்புச் சட்டத்திலும் அதே கொள்கைதான். ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? வேலைக்குச் சேரும்போதே எழுதாத வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். டெலிவரி ரசீதில் "குறைவு 3" என்று யாரோ எழுதியிருப்பார்கள், லோடு சீல் உடையாமல் போய்ச் சேர்ந்தது என்பதை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். சீல் உடையாமல் போன பெட்டிக்குள் சரக்கு குறைந்தால் அது ஏற்றும்போதே குறைந்திருக்க வேண்டும், இல்லையா? அந்த ஒரு கேள்வியைக் கேட்டு மட்டுமே பல பிடித்தங்களைத் திரும்ப வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சீல் எண்ணைப் போனில் படம் எடுத்து வைத்திருந்த டிரைவர்களுக்கு மட்டும்தான் அது முடிந்தது.

டீசல் கணக்கு கொஞ்சம் சிக்கலானது, அதில் டிரைவர் பக்கம் முழுக்க நிற்க எனக்கு மனம் வராது. டீசல் திருடுகிற டிரைவர்கள் உண்டு, நான் பிடித்திருக்கிறேன். ஆனால் மலைப்பாதைக்கும் சமவெளிக்கும், காலி வண்டிக்கும் முழு லோடுக்கும் ஒரே மைலேஜ் வைத்துக் கணக்குப் பார்த்து, வித்தியாசத்தைச் சம்பளத்தில் கழிக்கிற நிறுவனங்களும் உண்டு. திருட்டுச் சந்தேகம் இருந்தால் விசாரிக்கட்டும். கால்குலேட்டரே நீதிபதி ஆகக் கூடாது.

நான்காவது வகைதான் என் பார்வையில் மிக மோசமானது, ஏனென்றால் அது ஆசை காட்டி வருகிறது. "நீயே முதலாளி ஆகு" என்பார்கள். வண்டி நிறுவனத்துடையது, தவணை டிரைவர் சம்பளத்திலிருந்து, லோடு நிறுவனம் கொடுப்பது மட்டும், பழுது டிரைவர் செலவு. லோடு குறைந்த வாரத்தில் தவணை, இன்சூரன்ஸ், டீசல் எல்லாம் கழித்துவிட்டுச் சீட்டில் கழித்தல் குறியோடு சம்பளம் வரும். ஆமாம், வாரம் முழுக்க ஓட்டிவிட்டு நிறுவனத்துக்கே கடன்பட்டிருப்பான். நடுவில் விட்டால் கட்டியதெல்லாம் போச்சு. அமெரிக்காவில் இதை ஆராய அரசு ஒரு பணிக்குழு அமைத்தது. இப்படிப்பட்ட குத்தகை வழி விற்பனைத் திட்டங்களைத் தடை செய்ய வேண்டும் என்று அது 2025 ஜனவரியில் பரிந்துரைத்தது. இதற்கு முன்னால், 2019-ல், அந்த நாட்டு உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு லாரி டிரைவரின் வழக்கு போனது. "நீ எங்கள் தொழிலாளி இல்லை, ஒப்பந்தக்காரன், அதனால் நீதிமன்றத்துக்குப் போகாமல் தனியார் மத்தியஸ்தத்துக்குத்தான் வர வேண்டும்" என்று நிறுவனம் வாதாடியது. அந்தக் கட்டாயத்திலிருந்து போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு 1925-ன் மத்தியஸ்தச் சட்டம் தரும் விலக்கு ஒப்பந்தக்காரர் என்று அழைக்கப்படுபவர்களுக்கும் உண்டு என்று தீர்ப்பு வந்தது. ஒரு நீதிபதிகூட மாறுபடவில்லை. உங்கள் தம்பியிடம் யாராவது இப்படி ஒரு வண்டியைக் காட்டினால் ஒரே கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "இந்த வண்டியை வைத்து நான் வேறு கம்பெனி லோடு ஏற்றலாமா?" முடியாது என்று பதில் வந்தால் அவன் முதலாளி ஆகவில்லை, வண்டிச் செலவையும் சுமக்கிற டிரைவராகத்தான் இருக்கப் போகிறான்.

கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைப்பது, லைசென்ஸையோ பாஸ்போர்ட்டையோ வாங்கிப் பெட்டியில் பூட்டுவது, பயிற்சிச் செலவு என்று பாக்கி காட்டுவது பற்றியெல்லாம் தனியாக எழுதத் தேவையில்லை, யார் பார்த்தாலும் தப்பு என்று தெரியும். ஆனால் ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். 2023-ல் ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட் அருகே கிரேஃபன்ஹௌசன் என்ற நெடுஞ்சாலை நிறுத்தத்தில் பல லாரிகள் வந்து நின்றன. ஓட்டி வந்தவர்களில் பெரும்பாலோர் ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் நாட்டுக்காரர்கள், வேலை கொடுத்தது போலந்து நிறுவனம். மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. பணம் வரும்வரை வண்டி நகராது என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். முதலாளி தனியார் காவல் ஆட்களோடு வண்டிகளை மீட்க வந்தார், போலீஸ் கைது செய்தது அந்த முதலாளியையும் அவர் ஆட்களையும்தான். வாரக்கணக்கில் நின்ற பிறகு பணம் வந்தது. அதே வருடம் கோடையில் இன்னொரு முறையும் அங்கே நின்றார்கள். இதைப் பார்த்து உங்கள் தம்பியும் வண்டியை நிறுத்திவிட வேண்டாம். அவர்கள் கூட்டமாக இருந்தார்கள், தொழிற்சங்கங்கள் கூடவே நின்றன, வண்டிகளில் இருந்த சரக்குக்குச் சொந்தக்காரர்கள் பதறினார்கள். தனி ஆளாக வண்டியை நிறுத்திவைத்தால் அது சரக்குத் திருட்டு வழக்காகத் திரும்பக்கூடும்.

இனி சந்தேகத்துக்குரியவை. "டிரைவர் பற்றாக்குறை, அதனால்தான் இருக்கிறவர்களைப் பிழிகிறோம்" என்று நிறுவனங்கள் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். ஸ்டீபன் பர்க்ஸ், கிறிஸ்டன் மொனாக்கோ என்ற இரு பொருளாதார வல்லுநர்கள் 2019-ல் அமெரிக்கத் தொழிலாளர் சந்தையை ஆராய்ந்து, மற்றத் தொழில்களைப் போலவே ஊதியம் கூடினால் இதற்கும் ஆள் வருகிறது என்று காட்டினார்கள். பெரிய நிறுவனங்களில் வருடத்துக்கு 90 சதவீதத்தை ஒட்டி ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள் என்றால் ஆள் வராதது குறையா, தங்காதது குறையா? இது எல்லா நாட்டுக்கும் பொருந்துமா என்பது வேறு விஷயம். இன்னொரு பக்கம், "எல்லா முதலாளியும் திருடன்" என்று டிரைவர்கள் சொல்வதும் அவ்வளவுதான். காத்திருப்புக்கு மணிக்கணக்கில் கூலி தரும் நிறுவனங்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே மனு எழுத எனக்கு வேலையே வராது, அதனால் என் கண்ணுக்குக் கெட்டதே அதிகம் படுகிறது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். "நம் பேரைக் கறுப்புப் பட்டியலில் போட்டுவிடுவார்கள்" என்பது இன்னொரு பயம். சின்ன வட்டாரத்தில் முதலாளிகள் ஒருவருக்கொருவர் போன் செய்து விசாரிப்பது உண்டு. ஆனால் நான் எழுதிக் கொடுத்தவர்களில் பலர் அடுத்த மாதமே வேறு வண்டியில் ஏறிவிட்டார்கள்.

அப்படியானால் கேட்டால் வேலை போகுமா? போகலாம். சட்டம் கூடாது என்று சொல்வதால் மட்டும் அது நடக்காமல் இருக்காது. ஆனால் எப்படிக் கேட்கிறான் என்பதைப் பொறுத்து அது நிறைய மாறும். ஆபீஸ் வாசலில் நின்று சத்தம் போட்டவர்களை அனுப்புவது எங்களுக்குச் சுலபம், "ஒழுங்கீனம்" என்று ஒரு வரி போதும். தேதி, நேரத்தோடு எழுதிக் கேட்டவரை அனுப்புவது கஷ்டம். அந்தத் தாள் பிறகு எங்கே போகும் என்று எங்களுக்கே பயம். தனியாகக் கேட்பதைவிட மூன்று நான்கு பேர் ஒரே கணக்கைச் சேர்ந்து கேட்பது நல்லது.

என்னிடம் வந்த மனுக்களில் மறக்க முடியாதது ஒரு கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு. டீசல் கறை படிந்து, ஓரம் சுருண்டு போனது. ஒரு பக்கத்துக்கு ஒரு நடை. கேட்டுக்குப் போன நேரம், உள்ளே விட்ட நேரம், இறக்கத் தொடங்கிய நேரம், முடித்த நேரம், சீல் எண், ஆபீஸிலிருந்து யார் போன் செய்தார்கள், என்ன சொன்னார்கள். 11 மாதம் எழுதியிருந்தார். அவர் எழுதியதும் கிடங்கின் கேட் பதிவும் பத்து நிமிட வித்தியாசத்துக்குள் ஒத்துப் போயின. நிறுவனத்திடம் அதற்கு எதிராக வைக்க ஒன்றும் இல்லை. பேசி முடிக்க இரண்டே சந்திப்பு போதுமாக இருந்தது. சொந்தப் போனில் எழுதினாலும் சரிதான், ஆனால் நிறுவனம் கொடுத்த போனில் வேண்டாம். வேலை போகும் நாளில் அந்தப் போனும் கூடவே போகும்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும்: தம்பி வேலை செய்யும் இடத்துக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பது. இந்தியாவின் 1961-ஆம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்றெல்லாம் இருந்தது. ஆனால் ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனத்தை அது தானாகத் தொடாது. இரண்டு மூன்று வண்டி வைத்திருக்கும் முதலாளியிடம் ஓட்டுபவனுக்கு அதனால் பெரிய பயன் இருந்ததில்லை. 2020-ல் இயற்றிய தொகுப்புச் சட்டம் அதைத் தன்னுள் எடுத்துக்கொண்டது. ஊதிய பாக்கிக்கு 2019-ன் தொகுப்புச் சட்டத்தில் கெடு மூன்று வருடம். இதையெல்லாம் சின்ன எழுத்து என்று ஒதுக்கிவிடாதீர்கள், மனு நிற்பதும் விழுவதும் இதில்தான்.

சட்டம் போட்டாலே டிரைவர்கள் மகிழ்ந்துவிடுவார்கள் என்பதும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 2012-ல் சாலைப் போக்குவரத்து ஊதியத்துக்கென்றே ஒரு தீர்ப்பாயம் வைத்தார்கள். கூலி குறைந்தால் பாதுகாப்பும் குறையும் என்ற அடிப்படையில் அது குறைந்தபட்சக் கட்டணம் நிர்ணயித்தது. எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்களில் சொந்த வண்டி ஓட்டும் டிரைவர்களே நிறைய. அந்தக் கட்டணத்தில் தங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள், லோடெல்லாம் பெரிய நிறுவனங்களுக்குப் போய்விடும் என்று பயந்தார்கள். 2016-ல் அதைக் கலைத்தே விட்டார்கள். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அடுத்த லோடு கையில் இல்லாதவனுக்கு நியாயமான கூலி என்பது தூரத்துச் செய்தி.

உங்கள் தம்பியின் விஷயத்தில் யார் பக்கம் நியாயம் என்று பேப்பரைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. கடைசி இரண்டு மாத டிரிப் ஷீட், சம்பளச் சீட்டு, சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளின் நகல் ஆகியவற்றை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நகல் அவனிடம் இல்லை என்றால் நிறுவனத்திடம் எழுதிக் கேட்கச் சொல்லுங்கள், கேட்ட தேதியையும் குறித்து வைக்கட்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் என்ற இடத்தில் "இதர" என்று ஒரு வரி இருக்கும், முதலில் அதைத்தான் பார்ப்பேன். அந்த "இதர"வுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டு அவன் ஒரு தாள் எழுதட்டும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் இங்கே எழுதுங்கள், அடுத்தது என்ன என்று பார்க்கலாம்.